பாரிஸுக்கு நான் பார்த்துக் கொடுத்த மாதம்

பாரிஸ் போனவள் என் கொழுந்தன் மனைவி. போவதற்கு நல்ல மாதம் பார்த்துக் கொடுத்தவள் நான். இதைவிட வயிற்றெரிச்சல் வேண்டுமா?

அங்கே அவள் மகள் வேலை பார்க்கிறாள். “யக்கா, மக எப்ப வேணும்னாலும் வரச் சொல்லுகா. எந்த மாசம் போனா நல்லாருக்கும்?” என்று சுசீந்திரம் தெப்பக்குளக் கரையில் நாலு பேர் காதில் விழும்படிக் கேட்டாள். வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். டிசம்பரில் குளிர், ஆகஸ்டில் கூட்டம். ஜூன்தான் சரி, இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்குமாம். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பகல்கூட என்னுடையதைவிட நீளம்!

ஜூனில் போனாள். கோபுரம், ஆறு, பூக்கடை என்று தினமும் படம் அனுப்பினாள். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

ஒரு நாள் சாரல் பெய்து சீக்கிரமே இருட்டிவிட்டது. வாசல் நடையில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் அழைத்தாள். அவள் முகத்தில் நல்ல வெயில்.

“என்னட்டி, ஊரு எப்படி இருக்கு?” என்றேன், வேண்டாவெறுப்பாக.

“நல்ல ஊருதான்க்கா. ஆனா பொழுது அடைய மாட்டேங்கு. எப்ப விளக்கேத்த, எப்ப படுக்கன்னு ஒண்ணும் தெரியல. அங்க இருட்டிட்டுதா? அந்த விளக்கக் கொஞ்சம் காட்டேன்.”

போனைத் திருப்பினேன். விளக்கையும் அதற்குப் பின்னால் இருந்த இருட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் அனுப்பிய படங்களை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.