சர்வேயர் தங்கவேல் மீது நான் எழுதிய புகார்

கம்பத்தில் என் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் குத்துச்சண்டை ரிங்குக்குக் கயிறு கட்டித் தரும் காசிமாயன் பேசினான். "அண்ணே, சர்வேயர் போயிட்டாக. தோட்டத்துக்குத் தண்ணி தொறந்துவிடப் போனவுக அங்கனயே சாஞ்சுட்டாக" என்றான். ஷட்டர் பாதியில் நின்றது, நானும் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது, இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தோன்றியது.

சுருளிப்பட்டி தங்கவேல் அண்ணனை இந்தப் பள்ளத்தாக்கில் கிளவுஸ் மாட்டிய எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகு திராட்சைத் தோட்டம். இரண்டுக்கும் நடுவில், விடுமுறை நாளெல்லாம் குத்துச்சண்டைப் போட்டிகளில் மதிப்பெண் போடும் ஜட்ஜ். இளவயதில் காவல்துறை அணிக்காரர்களோடு பயிற்சி எடுத்தவர், அப்போது உடைந்த மூக்கு கடைசிவரை ஒரு பக்கமாகவே இருந்தது. "நெலத்த அளந்தாலும் ரெண்டு பேர்ல ஒருத்தன் வைவான், ரிங்குல மார்க் போட்டாலும் ஒருத்தன் வைவான். எனக்கு இது பழகுன வேலதான்" என்பார்.

கம்பத்தில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில்தான் எங்கள் பயிற்சி. நான் அங்கே பயிற்சியாளன், சம்பளமில்லாத வேலை, அதனால் வாய் கொஞ்சம் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குள் போட்டி வைப்போம். அதில் தங்கவேல் அண்ணன் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ரிங் ஓரத்தில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடக்கும். தீர்ப்பு அநியாயம் என்று கத்துகிறவர் யாராக இருந்தாலும், அடுத்த போட்டிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போட வேண்டும். ரவுண்டில் ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. மூன்று ரவுண்டுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், காசிமாயன் அதை மைக்கில் வாசிப்பான்.

ஒரு முறை உத்தமபாளையத்துக்காரர் ஒருவர், மகன் தோற்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "கண்ணு தெரியுதா ஒமக்கு?" என்றார். அண்ணன் எழுந்திருக்கக்கூட இல்லை. "எனக்கு வயசாச்சு. ஒங்களுக்கு நல்லாத் தெரியுமே, இங்கன வந்து ஒக்காருங்க" என்று நீல நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அந்த மனிதர் உட்கார்ந்தார், எழுதினார், மைக்கில் வாசித்தார்கள். வாசித்து முடிப்பதற்குள், அவர் மார்க்கில் தோற்ற பையனின் சித்தப்பா இவர் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தார். அண்ணன் நடுவில் புகுந்து பிரித்துவிட்டு, இரண்டு பேருக்கும் டீ சொன்னார். உத்தமபாளையத்துக்காரர் டீயைக் குடித்துவிட்டு, "நாலு கண்ணு இருந்தாலும் பத்தாதுண்ணே" என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு அவர் கத்தி நான் பார்த்ததில்லை.

அடுத்தவன் அந்த நாற்காலியில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் மாநிலப் போட்டிக்கு மாவட்ட அணி எடுக்கும் தேர்வு தேனியில் நடந்தது. என் மகள் பவித்ராவுக்கு அப்போது பதினேழு வயது. கடைசிப் போட்டி கடமலைக்குண்டிலிருந்து வந்த முத்துமாரி என்ற பெண்ணோடு. ஐந்து ஜட்ஜுகள். முதல் ரவுண்டு எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது ரவுண்டில் பவித்ரா அந்தப் பெண்ணை எதிர்மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் அடி அடியென்று அடித்தாள். எங்கள் மூலையிலிருந்து பார்த்தேன். இவள் கை போகும்போதெல்லாம் அவள் தலை பின்னால் போனது. நான் பக்கத்தில் நின்றவரிடம், "முடிஞ்சது, மாவட்ட டீம் சட்டை தச்சுக்க வேண்டியதுதான்" என்றேன்.

மூன்றுக்கு இரண்டு என்று முத்துமாரி கையைத் தூக்கினார்கள். அந்த மூன்றில் ஒன்று தங்கவேல் அண்ணன் போட்டது. மற்ற இரண்டு பேர் வெளி மாவட்டத்துக்காரர்கள், பேர்கூடத் தெரியாது. இவர் நம்மவர். என் பிள்ளை கையில் பேண்டேஜ் சுற்றக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பார்த்தவர். என் கோபம் முழுவதும் அவர்மேல் திரும்பியது. நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"தம்பி, இன்னைக்கு ஒண்ணும் பேச வேணாம். ஞாயித்துக்கிழம வாங்க. நாற்காலில ஒக்காந்து பேசுவோம்" என்றார்.

"ஒங்க நாற்காலிக்கு நான் வரல. அதுல இருந்து ஒங்கள எறக்கத்தான் போறேன்" என்றேன்.

பஸ்ஸில் பவித்ரா மூக்கில் ஐஸ் வைத்துக்கொண்டு வந்தாள். சின்னமனூர் தாண்டியதும், "அப்பா, அந்தப் புள்ள நல்லா அடிச்சாப்பா" என்றாள். தோற்ற வருத்தத்தில் பேசுகிறாள் என்று நினைத்து, "நீ சும்மா வா" என்றேன். அடி வாங்கியவள் அவள். அவளைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் புகார் எழுதினேன். தீர்ப்பு தவறு என்று மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை. தங்கவேல் அண்ணன் அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு முன்பு நிலம் அளந்து கொடுத்தவர், அந்தப் பழக்கத்தில் மார்க் போட்டார் என்றும் எழுதினேன். அளந்தது உண்மைதான். பல வருடம் முன்பு, அரசாங்க வேலையாக. என் அப்பாவின் நிலத்தையும் அவர்தான் அளந்தார். அதை நான் எழுதவில்லை.

போட்டி நடத்தியவர்கள் மூன்று பேரை வைத்து விசாரித்தார்கள். ஆதாரமாக என் மச்சினன் போனில் எடுத்த வீடியோவைக் கொடுத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். தங்கவேல் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார். "இத எங்கன நின்னு எடுத்தீக?" எங்கள் மூலைக்குப் பின்னால் நின்று எடுத்தது. நான் சொன்னேன். "அப்ப அந்த மூலைல நின்னவுகளுக்கு என்ன தெரியுமோ அதுதான் இதுலயும் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் பழக்கத்துக்காக மார்க் போட்டார் என்ற புகாரில் விசாரணை முடியும்வரை அவர் மார்க் போட வேண்டாம் என்றார்கள். பவித்ராவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவர் பேர் மட்டும் கெட்டது. அன்றைக்கு நான் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன், வெட்கங்கெட்டவன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொட்டகைக்கு வந்தார். ஜட்ஜ் நாற்காலிப் பக்கம் போகமாட்டார். ரவுண்டுக்கு மணி அடிப்பார். பவித்ராவிடம், "வாத்தா, மூக்கு நேராயிருச்சா? எனக்குத்தான் ஆகல" என்று பேசுவார். என்னிடம் பேசமாட்டார். நான் வாங்கிக்கொடுக்கும் டீயைக் குடிக்கமாட்டார். கோபம் அவருக்கு இருந்தது. பெரிய மனசு, மறந்துவிட்டார் என்றெல்லாம் யாரும் சொல்ல வேண்டாம், அவருக்கே பிடிக்காது.

ஒரு வருடம் கழித்து, ஜட்ஜுகள் பற்றாக்குறை என்று அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். "விசாரணை முடிஞ்சதா? முடிஞ்சிருந்தா என்னா முடிவுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, வர்றேன்" என்றார். அந்தத் தாளை யாரும் எழுதவில்லை. அவரும் அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் மார்க் போடவில்லை. பவித்ராவும் அதற்குள் நின்றுவிட்டாள். "ரிங்குல ஏறுனாலே, இந்தா கம்ப்ளைண்ட் வருதுங்கறாளுகப்பா" என்றாள். இப்போது மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள்.

போன வருடம் முத்துமாரிக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. அவள் அண்ணன் சந்தோஷத்தில் பழைய வீடியோவைத் தேடியெடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். யாரோ எனக்கு அனுப்பினார்கள். தேனிப் போட்டி, மூன்றாவது ரவுண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. கடையில் வியாபாரத்தை விட்டுவிட்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். பவித்ராவின் குத்தெல்லாம் அந்தப் பெண்ணின் முன்கையிலும் கிளவுஸிலும் விழுகின்றன. அவள் தலை பின்னால் போவது அடி பட்டு அல்ல, விலகிக்கொள்கிறாள். விலகியதுமே இடது கையை நேராக நீட்டுகிறாள். அது என் பிள்ளையின் முகத்தில் சுத்தமாக விழுகிறது, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எங்கள் மூலையிலிருந்து பவித்ராவின் முதுகைத்தான் பார்க்க முடியும். அந்தக் குத்து அத்தனையையும் அவள் தலையே எனக்கு மறைத்திருக்கிறது. எங்களுக்கு மார்க் போட்ட இரண்டு பேரும் எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. தங்கவேல் அண்ணன் எதிர்ப்பக்கம்.

இரண்டு நாள் கழித்து சுருளிப்பட்டிக்குப் போனேன். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. மழையைப் பற்றிப் பேசினேன். திராட்சை விலையைப் பற்றிப் பேசினேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றிக்கூடப் பேசினேன். ஊரெல்லாம் கத்தத் தெரிந்த வாய்க்கு, என் புகார் தப்பு என்ற அந்த ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. கிளம்பும்போது ஒரு பை திராட்சை கொடுத்தார்.

"எதுக்கு வந்தீகன்னு சொல்லலையே" என்றார்.

"சும்மாதாண்ணே."

"சும்மாவும் வரலாம்" என்று சொல்லிவிட்டுக் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொரு நாள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தை போய் மாசி வந்தது, காசிமாயன் போன் வந்தது.

காரியம் முடிந்த மறுநாள், அவர் மனைவி, எனக்கு மதினி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுது ஓய்ந்த முகம், பேச்சு மட்டும் நிதானமாக இருந்தது. "ஒங்க மேல அவுகளுக்குக் கோவந்தான் தம்பி. கோவத்தோடதான் போனாக. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "அந்த வீடியோவ அவுகளும் பாத்தாக. இதக் கொண்டுபோய்க் காமிங்க, பேராச்சும் மிஞ்சும்னு சொன்னேன். கம்ப்ளைண்ட் எழுதுனவரே வந்து திருப்பி எடுக்கட்டும்னுட்டாக. நீங்க அன்னைக்கு வந்துட்டுப் போகவும், சொல்ல வந்தாரு, சொல்லாமப் போறாருன்னு சொன்னாக" என்றார். நான் அந்த வீட்டு வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். வந்தவர்கள் எல்லாம் இறந்தவருக்காக என்று நினைத்திருப்பார்கள்.

போட்டி நடத்தியவர்களின் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், விசாரணை முடிந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "ஆளே போயிட்டாரே, இனி லெட்டர் எதுக்கு?" என்றார். அதற்காகத்தான் வேண்டும் என்றேன். தினம் போய் அவர் ஆபீசில் உட்கார்ந்தேன். தொல்லை தாங்காமல் ஒரு தாளில் எழுதினார்: திரு. தங்கவேல் மீதான புகாரில் உண்மை இல்லை, அவர் போட்ட மதிப்பெண் சரியானது. முத்திரை வைத்து வாங்கிக்கொண்டு போய் மதினியிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தார். "இத அவுக இருக்கப்பக் கொண்டாந்திருக்கலாம்ல?" என்றார். "ஆமா மதினி" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர் நாற்காலி காலி. எதிர்ப்பக்க வீடியோவைப் போட்டு, அந்தத் தேனிப் போட்டிக்கு முறைப்படி மார்க் போட்டேன். இருபத்தொன்பதுக்கு இருபத்தெட்டு, முத்துமாரிக்கு. கையெழுத்துப் போட்டுக் காசிமாயனிடம் கொடுத்தேன், அவன் மைக்கில் வாசித்தான். அண்ணன் அன்றைக்குப் போட்டதும் அதே எண்தான்.

அவர் நினைவாக எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒரு தாள். செயலாளர் திருப்பிக் கொடுத்த என் புகாரின் பின்பக்கத்தில்தான் அந்த மார்க்கை எழுதினேன். கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். மார்க் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும், புகார்ப் பக்கம் வெளியே தெரியும். பேரிங் வாங்க வருகிறவர்கள் வாசித்துவிட்டு, யார் இந்தத் தங்கவேல், இப்படியா செய்தார் என்று கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கழற்றித் திருப்பிக் காட்டி, முதலிலிருந்து சொல்கிறேன்.

விடுமுறைக்கு வந்த பவித்ரா அதன் முன்னால் நின்று புகாரை வாசித்தாள். அவளுக்கும் திருப்பிக் காட்டக் கையைக் கொண்டுபோனேன். "வேணாம்ப்பா, எனக்குத் தெரியும்" என்றாள்.