கடலோரத்துப் பெஞ்சு

ஜோகூர் பாருவுக்கு நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அண்ணன் அங்கே அரண்மனைப் பூங்காவில் புல்வெட்டும் வேலையில் இருந்தார். இன்னோர் ஆள் தேவைப்படுகிறது, மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். செடெனாக் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நானும் என் கணவரும் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு எப்படியாவது அதை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவரோ ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலேறினோம்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது. அத்தனை பூ பூத்தும் யாரும் பறிக்கவில்லை. எனக்கு அது வீணாகப் பட்டது. அண்ணன் தான் குடியிருந்த அறையைக் காட்டினார். அதில் ஒரு ஜன்னல் இருந்தது. என் மனம் அப்போதே அங்கே குடிவந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். நாங்கள் கடலோரம் நடந்தோம். வீட்டில் அடுப்பே இல்லாததுபோல ஊரே வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாத்தே என்று குச்சியில் இறைச்சி சுடும் புகை கண்ணைக் கரித்தது. தமிழ் முஸ்லிம் ஒருவர் சேமியா போன்ற மீயைப் பிரட்டிக்கொண்டிருந்த கடையில் நின்றோம்.

"உக்காருங்கண்ணே, காத்து வாங்கிக்கிட்டே சாப்பிடுங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

என் கணவர் ஒரு வாய் வைத்திருப்பார். வெள்ளைக்காரர் ஒருவர் நாயோடு வந்தார். இவர் சட்டென்று எழுந்து, தலைத்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒதுங்கி நின்றார். எஸ்டேட்டில் துரை வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். இந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய்தான் பார்த்தது.

உட்கார்ந்தார். இன்னொரு வெள்ளைக்காரர் வந்தார், இவர் மறுபடி எழுந்தார். பிறகு கோட்டும் தொப்பியுமாக ஒரு யாழ்ப்பாணத் தமிழர் வந்தார். அவருக்கும் இவர் எழுந்தார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, அவரு ஆபீசுல கணக்கெழுதுற கிராணி. நம்மகிட்ட சாப்பிட வர்றாரு."

அந்தக் கிராணி எங்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், என் கணவர் தட்டோடு மரத்தடிக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். "வந்து உக்காருங்க. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தெரியுது புள்ள. காலு கேக்க மாட்டேங்குது." அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. "அங்க ஒரே ஒரு துரை. அவரு வந்துட்டுப் போனா அப்புறம் நான் உக்காந்துக்கலாம். இங்க நான் எப்ப உக்கார்றது?"

பழகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நின்றபடியே சாப்பிடத் தொடங்கிவிட்டார். பாவமாக இருந்தது, அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அண்ணனிடம் நானே போய், அவருக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் எஸ்டேட்டில் மரங்களைப் பார்க்கத் துரை வந்தார், போனார். அதன்பிறகு என் கணவர் ஒரு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, நிம்மதியாகப் பீடி பற்றவைத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.