மாடி வீட்டுச் செருமல்

வாடகைக்கு அறை கேட்டுப் போன மூன்று வீடுகளில் "மலைப்பக்கமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மலைப்பக்கத்து ஆள் என்றால் இடுப்பில் கத்தி, வாயில் பொய் என்று அந்த நகரத்தில் ஒரு பேச்சு. அதனால் நாலாவது வீட்டில், கடற்கரைப் பக்கம் என்று சொல்லிவிட்டார் தையற்காரர். கத்தி இல்லாவிட்டாலும் பொய் வந்துவிட்டது. மாடி அறையும் கிடைத்தது.

அடுத்த மாதம் மனைவியும் மகளும் வருகிறார்கள். மகளுக்குப் பக்கத்துத் தெருப் பள்ளியில் இடமும் வாங்கியாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் வீட்டுக்கார அம்மா ஒரு துப்பறியும் நாவலை நீட்டினார்.

"மலைப்பக்கத்துக் கதை தம்பி. படிச்சுப் பாருங்க, கை கால் நடுங்கும். நான் பாதிதான் படிச்சிருக்கேன், சீக்கிரம் முடிச்சுத் தாங்க."

ஞாயிற்றுக்கிழமை, பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டிய சட்டைகளை ஒதுக்கிவிட்டு அவர் படித்தார். அதில் தபால்காரர் அரிவாள் வைத்திருந்தார். வாத்தியாரும் வைத்திருந்தார். கொலைகாரன் இரண்டடி அரிவாளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

"இந்தச் சட்டைய எவன்யா தச்சான்?" என்று தையற்காரர் வாய்விட்டே கேட்டார். அவருக்குத் தெரிந்து தன் மலையூரில் திருடு போனது ஒரே ஒரு சைக்கிள். அதையும் எடுத்தவனே காற்றடித்துத் திருப்பி விட்டுவிட்டுப் போனான்.

கடைசி அத்தியாயத்தில்தான் அவருக்கு வியர்த்தது. வெளியூர்க்காரனாக நடித்த கொலைகாரனைத் துப்பறிபவர் எப்படிப் பிடித்தார்? அவன் யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டாமல், வாசலில் நின்று இரண்டு தடவை செருமினான். மலைப்பக்கத்தில் கெட்ட செய்தி கொண்டுவருபவன்தான் கதவைத் தட்டுவான். புத்தகம் முழுக்கப் புளுகிய எழுத்தாளர், இந்த ஒன்றை மட்டும் சரியாக எழுதித் தொலைத்திருந்தார்.

குடிவந்த நாளிலிருந்து தையற்காரர் அந்த வாசலில் செருமிக்கொண்டுதான் இருந்தார். அங்கே அழைப்பு மணி இருப்பதே புத்தகத்தைத் திருப்பித் தரப் போனபோதுதான் அவர் கண்ணில் பட்டது. தொண்டையை அடக்கிக்கொண்டு மணியை அழுத்தினார்.

கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தார் வீட்டுக்கார அம்மா. "நீங்களா? செருமவே இல்லையே, எவனோன்னு பயந்துட்டேன்."

தையற்காரர் புத்தகத்தை நீட்டினார்.

"முடிவு எனக்குத் தெரியும் தம்பி. கடைசிப் பக்கத்தத்தான் நான் முதல்ல படிப்பேன்."

செருமல் பிடிபட்டுவிட்டது என்று தையற்காரருக்குப் புரிந்தது. "எப்பம்மா காலி பண்ணணும்?"

"எதுக்குக் காலி பண்ணணும்? எதிர்வீட்டுல போன வாரம் திருடன் புகுந்துட்டான். நம்ம மாடியில மலைப்பக்கத்து ஆளு இருக்காருன்னு தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். இனி ஒருத்தன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பானா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அரிவாள் எங்க வச்சிருக்கீங்க?"

"கத்திரிக்கோல்தாம்மா இருக்கு."

அம்மாவின் முகம் வாடிப்போனது. "சரி, அத வெளிய சொல்லிக்காதீங்க."

ஊசி குத்தி ரத்தம் வந்தாலே தனக்குத் தலை சுற்றும் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். மகளின் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. மாடிப்படியில் ஏறி நின்று, தெருவுக்கே கேட்கும்படி இரண்டு தடவை செருமினார்.