அளந்து சொன்ன பாய்ச்சல்

லண்டன் மோர்டனில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவள் சிம்பாப்வேக்காரி. ஒரு காலத்தில் தன் நாட்டுக்காக நூறு மீற்றர் ஓடியவள், நீளம் பாய்ந்தவள். என்னை "சிசி" என்பாள். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஓட்டத்தில் வாங்கிய பதக்கங்களைப் பற்றி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அளப்பாள். பாய்ச்சலைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

நான் விடுகிற ஆளா? துளைத்தெடுத்தேன். லண்டனுக்கு வந்து கலந்துகொண்ட கடைசிப் போட்டியில் ஒவ்வொரு தடவையும் கால் மிதிபலகையைத் தாண்டிவிட்டதாம். ஒன்றுமே செல்லுபடியாகவில்லை. பிறகு முழங்காலில் அடிபட்டு, போட்டிகளையே விட்டுவிட்டாளாம்.

"என் பெயருக்கு நேரே தூரமே இல்லை, சிசி. நான் பாயவே இல்லை என்பதுபோல முடிந்துவிட்டது" என்றாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அதில் பாதி சுயநலம்தான், மறைக்க மாட்டேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் கோடையில் விளையாட்டுப் போட்டி வைக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போலவே நிறத்துக்கொரு அணியாக, 'இல்லம்' என்று பிரிந்து மோதுவோம். ஒலிபெருக்கி அலறும், மீன் றோல்ஸ் பறக்கும். நண்பர்களும் பங்குபற்றலாம். எங்கள் பச்சை இல்லம் வருஷா வருஷம் மண்ணைக் கவ்வும். இந்த முறை இவளைக் கொண்டுபோய் இறக்கினேன்.

நடுவர், ஊரில் விளையாட்டு ஆசிரியராக இருந்த மனிதர். முதல் பாய்ச்சலிலேயே சனம் வாயைப் பிளந்தது. அவரோ சிவப்புக் கொடியைத் தூக்கினார். இரண்டாவதுக்கும் அதே கொடி. எனக்கு ஏறிவிட்டது.

"அண்ணை, இதென்ன ஒலிம்பிக்கே? ஒரு விரல்தானே தாண்டினது!"

"விரலெண்டாலும் பிழை பிழைதான், தங்கச்சி. தள்ளி நில்லுங்கோ."

அவள் முகத்தைப் பார்த்தேன். சும்மா இருந்தவளைக் கூட்டிவந்து ஆறின புண்ணைக் கிளறிவிட்டேனே என்றிருந்தது. இருந்தது ஒரேயொரு வாய்ப்பு. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓடத் தொடங்கும் இடத்தை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி அடையாளம் வைத்தாள்.

இந்தத் தடவை பலகையைத் தொடாமல், அதற்கு ஒரு முழம் முன்னாலேயே மிதித்து எழும்பினாள். மணலில் விழுந்தாள். வெள்ளைக் கொடி. ஆனால் நீல இல்லத்துப் பெட்டை ஒருத்தி ஏற்கெனவே அதைவிடத் தூரம் பாய்ந்திருந்தாள். முதலிடம் போனது போனதுதான்.

"அவ்வளவு இடத்தை விட்டால் எப்படி வெல்வது?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"பொறு, சிசி" என்றாள்.

நடுவர் நாடாவை இழுத்துப் பிடித்துத் தூரத்தைத் தமிழில் அறிவித்தார். ஆங்கிலத்தில் சொல்லும்படி அவள் கேட்டாள். சொன்னார். அவள் கண்கள் நிறைந்துவிட்டன, முகமோ சிரித்தது.

"இன்னொரு தடவை சொல்வீர்களா?" என்றாள்.

அந்தக் கறாரான மனிதர், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒலிபெருக்கியை வாங்கி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.