சந்தனப் பொட்டு வைத்த ரிவோல்வர்கள்

1. முதல் நாள்

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீ இஞ்ச வந்து துவக்குக் கடையில வேலைக்குப் போறியோ?"

எனக்கு முதல் வேலை கிடைத்த அன்று அப்பா சொன்ன வாழ்த்து இது. அம்மா சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் மிச்ச வாழ்த்தும் கேட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். அதற்கு மேல் கொலிஜில் நூலக, ஆவணப் பராமரிப்புப் படிப்பும் முடித்திருந்தேன். நான் வங்கியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்காருவேன் என்று நாங்கள் குடியிருந்த டோர்செட் பார்க் பகுதியில், எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அம்மா சொல்லி முடித்திருந்தாள். கிடைத்த வேலையோ, பக்கத்துப் பகுதியான வெக்ஸ்போர்ட்டில் ஒரு சிறு பிளாசாவில், சாப்பாட்டுக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்த பூட்டுக் கடையில்.

அதன் முதலாளி சிவா அண்ணைக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். எழுபதுகளிலேயே வந்து பூட்டு வேலை பழகிக் கடை போட்டவர். முன்பக்கம் பூட்டும் திறப்பும். பின்பக்கம், இரும்புக் கதவுக்குள், அவருடைய உண்மையான வாழ்க்கை. பொலிஸ் படைகள் பாவித்துக் கழித்த பழைய ரிவோல்வர்களை வாங்கி, எந்தப் படையில், எந்தக் காலத்தில் இருந்தவை என்று ஆராய்ந்து, அனுமதிப் பத்திரம் உள்ள சேகரிப்பாளர்களுக்கு விற்பார். 1994 அது. பொலிஸ் படைகள் ரிவோல்வரைக் கைவிட்டுப் புதுவகைப் பிஸ்ரலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பழையவை பெட்டி பெட்டியாக விலைக்கு வந்தன.

என் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை தயாரிப்பது. சீரியல் நம்பர், படையின் முத்திரை, குழலின் நீளம், நிறம் போன இடங்கள், திருத்திய இடங்கள். தோட்டா கடைக்குள் வராது. ஒவ்வொரு விசைக்கும் பூட்டு. அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன்.

"தோட்டா இல்லாட்டியும் துவக்குத் துவக்குத்தான்" என்றார்.

"அப்பா, எனக்கு அது ஒரு பழைய சாமான். அதைப் படிக்கிறதுதான் என்ர வேலை."

"புத்தகம் படிக்கவெண்டுதானே உன்னைப் படிப்பிச்சது!"

ஆனாலும் மறுநாள் காலையில் பஸ் தரிப்பிடம் வரை கூடவே வந்தார். அவர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்கியூரிற்றி வேலை. இரவு வேலை முடித்து வந்த சீருடையோடு, இடுப்பில் வோக்கி ரோக்கியோடு, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது போல பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

2. கடையில் ஆயுத பூசை

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே சின்ன நகரப் பொலிஸ் படை ஒன்றின் ரிவோல்வர்கள் மொத்தமாக வந்தன. முப்பதுக்குக் கிட்ட இருக்கும். ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே முத்திரை. தடவித் தடவித் தேய்ந்த பழைய வகை. ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் போலக் கிடந்தன.

அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல். நான் வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஆயுத பூசை வந்து போனது. சிவா அண்ணை வருடம் தவறாமல் கடையில் செய்வார். திறப்பு வெட்டும் மெஷினுக்கும் அரத்துக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு வைப்பவர், அந்த வருடம் ரிவோல்வர்களையும் விடவில்லை. நான் திரும்பிப் போனபோது முப்பதும் சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமுமாக, மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி வரிசையில் இருந்தன. மூலையில் சரஸ்வதி படம், பித்தளைக் கிண்ணத்தில் திருநீறு, காய்ந்த கடலை.

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்கிறதில என்ன பிழை?" என்று அண்ணை முந்திக்கொண்டு கேட்டார். நான் துணி ஒன்றை எடுத்தேன். துடைத்துத் துடைத்து அட்டை எழுதத் தொடங்கினேன்.

3. வந்த மனிதர்

ஒரு செவ்வாய்க்கிழமை உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். பெயர் வால்டர். அந்தச் சின்ன நகரத்துப் படையில் சார்ஜன்ற் ஆக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"என்ர ரிவோல்வர் இதுக்குள்ள கிடக்கு. எனக்கு அது வேணும்."

வைத்திருப்பதற்கான பத்திரங்கள் எல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்திருந்தார். சீரியல் நம்பர் மட்டும் இல்லை.

"ஓய்வு எடுத்தவுடனே முதலில மறந்தது அந்த நம்பரைத்தான். சந்தோசமா மறந்தனான்" என்று சிரித்தார். படையிடம் கேட்டால், எது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற விபரம் வெளியே தருவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

சிவா அண்ணை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "எல்லாம் ஒரே அச்சு, பிள்ளை. வடிவான ஒண்டை எடுத்துக் குடுப்பம். மனுசனுக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம்."

"அண்ணை, அவர் ரிவோல்வர் கேட்கேல்லை. தன்ர ரிவோல்வரைக் கேட்கிறார்."

"வித்தியாசம் ஆருக்குத் தெரியும்?"

நான் வெளியே போய் வால்டரிடமே கேட்டேன். வேறொன்று எடுத்தால் என்ன?

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் வேலை செய்த காலம் முழுக்க அதை ஒருக்காலும் மனிசர் மேல சுடேல்லை. பயிற்சித் தளத்தில மட்டும்தான். எத்தினையோ மோசமான வீட்டுக் கதவுகளைத் தட்டியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் சுடாமல் திரும்பி வந்தனான். வேற ஒராளின்ர எண்டால் அது என்ன செய்ததோ எனக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய் என்ர மனிசி இருக்கிற வீட்டில வைக்க மாட்டன்."

சிவா அண்ணையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் முகம் மாறியது. ஆனாலும் வியாபாரி. "சனிக்கிழமை சேகரிப்பாளர் ஷோவுக்கு எல்லாம் விக்கப் போகுது. அதுக்குள்ள கண்டுபிடிச்சால் அவருக்கு. இல்லாட்டி விட்டுடு" என்றார்.

4. வோக்கி ரோக்கி

மறுநாள் முழுக்க முப்பதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிரிப் என்று சொல்லும் மரப் பிடிக்கு வலம், இடம் என்று இரண்டு பக்கப் பலகை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் வலப்பக்க மரம் நாய் கடித்தது போலக் காயப்பட்டிருந்தது. இடப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. ஒன்றில் மட்டும் மாறி இருந்தது. அதை அட்டையில் எழுதிவைத்தேனே தவிர, காரணம் பிடிபடவில்லை.

வீட்டில் அப்பாவின் வோக்கி ரோக்கி சார்ஜரில் நின்றது. அதன் தோல் உறையின் ஒரு பக்கம் கீறல் மேல் கீறல். மறுபக்கம் பளபளப்பு.

"அப்பா, இது ஏன் ஒரு பக்கம் மட்டும் காயம்?"

"அது வெளிப்பக்கம். கார்க் கதவு, எலிவேற்றர், குப்பை அறைக் கதவு, எல்லாத்திலயும் உதுதான் முதல்ல முட்டும். மற்றப் பக்கம் என்ர இடுப்போட கிடக்கு, அதுக்கென்ன ராச வாழ்க்கை."

"வலக்கைக்காரர் எண்டால்?"

"அவையள் வலப்பக்கம் கொழுவுவினம். நான் இடக்கைக்காரன், எனக்கு இடப்பக்கம். ஏன் கேட்கிறாய்?"

நான் ரெலிபோனுக்கு ஓடினேன். வால்டர் எடுத்தார். எந்தக் கை என்று கேட்டேன்.

"இடக்கை. எங்கட ஸ்ரேசனில நான் ஒராள்தான்."

அப்பாவைக் கட்டிப்பிடித்தேன். விசயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "துவக்குக் கதைக்கு என்னை இழுக்காதை" என்றார்.

5. மரம் என்னுடையது, இரும்பு இல்லை

வெள்ளிக்கிழமை வால்டர் வந்தார். எதிர்பாராமல் அப்பாவும் வந்தார், வேலைக்குப் போகும் வழியில், சீருடையோடு. "நான் சொன்னது சரியோ எண்டு பாக்க வந்தனான்" என்றார். ஆனால் இரும்புக் கதவுக்கு இப்பால் கால் வைக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

வால்டர் அவரைப் பார்த்ததுமே, அவர் இடுப்பில் இடப்பக்கம் தொங்கிய வோக்கி ரோக்கியைக் காட்டினார். "நீங்களும் இடக்கை!"

"யெஸ் சேர். லெஃப்ற்" என்றார் அப்பா. இரண்டு பேரும் இடுப்பில் பாரம் சுமந்தால் முதுகும் நாரியும் எப்படி நோகும் என்று, ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றவர் கையிலுமாகக் கதைத்தார்கள்.

நான் இடப்பக்கம் காயப்பட்டிருந்த அந்த ஒரே ரிவோல்வரைத் துணியில் வைத்துக் கொடுத்தேன். வால்டர் வெறுமையா என்று பார்த்துவிட்டு இடக்கையில் எடுத்தார். முகம் மலர்ந்தது. பெருவிரல் மேலே போனதும் அந்த மலர்ச்சி நின்றுவிட்டது.

"மரம் என்ர. இரும்பு என்ர இல்லை."

"எப்படி?"

"பின்னுக்கு இருக்கிற ஹாமரின்ர நுனி உடைஞ்சிருக்க வேணும். ஸ்ரேசன் படியில விழுத்தினனான். இதில முழுசாக் கிடக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரம் எப்படி வேறு இரும்புக்குப் போகும்? திரும்பிப் பார்த்தால் சிவா அண்ணை சரஸ்வதி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை?"

"பூசைக்கு முதல் எல்லாத்தையும் துப்புரவாக்க வேணுமெல்லோ..."

"ஓம்?"

"கிரிப் எல்லாத்தையும் கழட்டி, ஒரு தாச்சியில போட்டு, தேங்காய் எண்ணெய் பூசினனான். மரத்துக்கு நல்லது. பிறகு..."

"பிறகு கைக்கு வந்ததைப் பூட்டினீங்களோ?"

"எல்லாம் ஒரே அளவு தானே! சோடி மாறேல்லை, பிள்ளை. வலமும் இடமும் சோடியாத்தான் கட்டி வைச்சனான்."

நிலையில் நின்ற அப்பா சத்தமாகச் சிரித்தார். அவர் அந்தக் கடையில் சிரித்தது அதுதான் முதல் தடவை. வால்டருக்கு நான் மொழிபெயர்த்தேன். "அப்ப கடவுளுக்குக் காட்டவெண்டு என்ர உடுப்பை வேற ஒராளுக்குப் போட்டிருக்கிறீங்கள்" என்றார் அவர்.

ஹாமர் நுனி உடைந்தவை என் அட்டைகளிலேயே நாலைந்து இருந்தன, அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் சோடி மாறவில்லை என்றது போதும். இந்தப் பழைய தயாரிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. தொழிற்சாலையில் மரத்தை அந்தந்த இரும்புக்குப் பொருத்திச் சீவியதும், வலப்பக்க மரத்தின் உட்புறத்தில் அந்த இரும்பின் சீரியல் நம்பரையே குத்திவிடுவார்கள். கழற்றினால்தான் தெரியும்.

கழற்றினேன். உட்புறம் எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. அண்ணை நன்றாகவே பூசியிருந்தார். நம்பர் இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்தேன், பூதக்கண்ணாடி வைத்தேன். நடுவில் ஒரு எண் மட்டும் ஏழோ ஒன்றோ என்று மயக்கியது.

கொலிஜில், தேய்ந்த கல்வெட்டுக்கும் முத்திரைக்கும் மெல்லிய சுண்ணப்பொடி தடவிப் படிக்கலாம் என்று படிப்பித்திருந்தார்கள். "அண்ணை, சோக் கிடக்கோ?"

"பூட்டுக் கடையில சோக் ஏன் கிடக்கும்?"

பித்தளைக் கிண்ணம் கண்ணில் பட்டது. ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து மரத்தில் தடவி, துணியால் மேலாகத் துடைத்தேன்.

"எடி, திருநீறை உதுக்கெல்லாமோ!" என்று அப்பா கதவடியில் இருந்து பதறினார்.

வால்டர் கேட்டார், "அது என்ன பவுடர்?"

"ஹோலி ஆஷ், சேர்" என்றார் அப்பா உடனே. "நோ புறொப்ளம்."

பள்ளங்களுக்குள் மட்டும் வெள்ளை நின்றது. கறுத்த மரத்தில் எண்கள் பலகையில் எழுதினது போலத் தெளிந்து வந்தன. அது ஏழு.

நம்பரைச் சத்தமாகச் சொன்னேன். சிவா அண்ணை ஒவ்வொரு ரிவோல்வரின் பிடியடியில் இருந்த நம்பரையும் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிக்கு முந்தின தட்டில் நின்றார். எடுத்து நீட்டினார். ஹாமரின் நுனி ஒரு பக்கம் உடைந்திருந்தது.

மரத்தை மாற்றிப் பூட்டினேன். சத்தமில்லாமல் போய்ப் பொருந்தியது. வால்டர் அதைக் கையில் எடுத்தார். இந்த முறை பெருவிரல் அலையவில்லை, தெரிந்த வீட்டுக்குப் போவது போல நேராகப் போய் உடைந்த நுனியில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "ஹலோ" என்றார். எங்களுக்கில்லை.

ஸ்க்ரூ ஒன்றின் பள்ளத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. சிவா அண்ணை அவசரமாகத் துணி எடுத்தார். வால்டர் தடுத்தார். "இருக்கட்டும். நான் இதுக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. நீங்கள் சொல்லியிருக்கிறீங்கள் போல."

பதிவு மாற்றம் முடியும் வரை அது எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கும். அதை அவர் துணியில் திருப்பி வைக்கும்போது அப்பா கதவடியில் இருந்து கேட்டார்.

"சேர், ஒரு நாளும் சுடேல்லையோ?"

நான் மொழிபெயர்த்தேன். வால்டர் இல்லை என்று தலையாட்டினார்.

அப்பா இரும்புக் கதவைக் கடந்து உள்ளே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கடைசி வரை தொடாமல், அந்த ரிவோல்வரைப் பார்த்தார்.

"அப்ப இது எங்கட வோக்கி ரோக்கி மாதிரித்தான்" என்றார்.

6. படித்தது

இப்போது நான் ஒரு சிறு காட்சிக்கூடத்தில் பொருட்களைப் பதிவு செய்யும் வேலை பார்க்கிறேன். கண்ணாடிக் கதவும் இருக்கிறது, அம்மாவுக்கு நிம்மதி. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எதையும் கழற்றுவதற்கு முன் அடையாளம் கட்டு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று தோன்றும் இடத்தில் இரண்டு மடங்கு கவனமாகக் கட்டு. ஒரே மாதிரி என்பது உனக்குத்தான், அதைச் சுமந்தவருக்கு இல்லை.

சிவா அண்ணையும் அடுத்த வருடம் பூசைக்கு முன்னால் ஒவ்வொன்றிலும் நூலில் அட்டை கட்டினார். தேங்காய் எண்ணெயை மட்டும் கைவிட மாட்டேன் என்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் அதுவரை பூசைக்கு என் புத்தகங்களை மட்டும்தான் வைப்போம். அந்த வருடம் அப்பா தன் வோக்கி ரோக்கியைத் துடைத்துக் கொண்டுவந்து படத்தின் முன்னால் வைத்தார். என் பூதக்கண்ணாடியையும் கேட்டு வாங்கி அருகில் வைத்தார்.

அம்மா சந்தனத்தோடு வந்தாள். "பொறுங்கோ அம்மா" என்று சொல்லி, வோக்கி ரோக்கியில் நூலைச் சுற்றி ஒரு சிறு அட்டை கட்டினேன்.

"வீட்டில கிடக்கிறது ஒண்டுதானே பிள்ளை" என்றார் அப்பா.

"இருக்கட்டும்" என்றேன். அட்டையில் அவருடைய பெயரையும், அதன் கீழே 'இடக்கை' என்றும் எழுதினேன். அம்மா பொட்டு வைத்தாள்.