பட்டாளத்திலிருந்து வந்தவர்

எண்பதுகளின் கடைசியில், இராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த பழைய ராணுவ லாரியை எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப் போயிருந்தேன். அதன் டிரைவர் நெட்டையானவர். மீசையெல்லாம் பஞ்சு.

"அவிய கெளம்ப செத்த நேரம் ஆகும் சார். அவசரப்படுத்துனா கோவம் வந்துரும்," என்றார்.

யாரோ பெரியவர் வரப்போகிறார் என்று காத்திருந்தேன். டிரைவரோ லாரியின் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"லாரிக்கா இந்த மரியாதை?"

"பட்டாளத்துல இருந்து வந்தவியள 'அது'ன்னு சொல்ல வாய் வருமா சார்?"

ஸ்ரீவில்லிபுத்தூர்வரை அவரே ஓட்டிவந்து, எங்கள் டிரைவரிடம் சாவியைக் கொடுத்தார். "மேட்டுல திணறுனா அவியள வைஞ்சிராதீங்க."

இப்போதும் யாராவது அந்த லாரியின்மேல் சாய்ந்தால், "அவிய மேல சாயாதீங்க!" என்று சத்தம் போடுகிறேன். சாய்ந்தவர் பதறி விலகி, யார்மேல் சாய்ந்தோம் என்று திரும்பிப் பார்க்கிறார்.