முதல் காலண்டர்

கோவிலூர் ரோட்டு மளிகைக்கடையில், சாமான் பையோடு புது வருசத்துத் தினசரி காலண்டரையும் நீட்டினார்கள். பசையும் புதுத்தாளும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் பழைய கோபம் பொங்கிவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. ஐப்பசியில் அப்பா இறந்துபோனார். அவர் இருந்தவரை இந்தக் கடைக்காரரே வீடு தேடி வருவார்: "மொதக் காலண்டர் ஒங்களுக்குத்தாண்ணே!" அந்த மார்கழியில் வரவில்லை. மூட்டையாக வாங்கிய நாங்கள் கால் கிலோ பருப்புக்கு வந்துவிட்டோமே! பருப்பு வாங்கப் போனபோது அம்மா கூசிக் கூசித்தான் காலண்டர் கேட்டார். கடைக்காரருக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் காலண்டர். மனுசன் நிமிரவே இல்லை.

"துக்க வீட்டுல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் கெடையாதே. ஒங்களுக்கு எதுக்குக்கா காலண்டர்?"

சாங்கியம் பேசினாராம், சாங்கியம்! கால் கிலோவுக்கெல்லாம் கிடையாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம்.

அம்மா குரல் உயர்த்தவில்லை. "நல்ல நாள் பாக்க இல்லண்ணே. அவுகளுக்கு வருசத் திதி என்னைக்குன்னு பாக்கணும்ல?"

அப்போதும் கொடுக்கவில்லை.

இன்று கல்லாவில் அவர் மகன். காலண்டரை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ஏண்ணே, படம் பிடிக்கலையா?"

"இந்த வருசம் சாவு விழுந்த வீடுகளுக்குக் குடுத்துட்டீகளா? மொதல்ல அங்க கொண்டுபோயிக் குடுங்க. மிச்சமிருந்தா நான் வாங்கிக்கிறேன்."